பெட்டியில்லாத தீயணைப்பு வண்டி

லான்செஸ்டன் நகரசபையில் தண்ணீர் மீட்டர் படித்தே ஓய்வுபெற்றவர் லிண்ட்ஸே பர்கோயின். டாஸ்மேனியாவின் அந்த மேட்டு நகரத்தில் அவர் ஏறி இறங்காத தெரு கிடையாது. வேலையை விட்டு இரண்டு வருடமாகியும் கால் அடங்கவில்லை. சாப்பாட்டை ஜன்னலருகே நின்றபடியே முடித்துவிடுவார். டீயை எங்கேயோ வைத்துவிட்டு, அது ஆறிய பிறகு வீடெல்லாம் தேடுவார்.

பொம்மைப் பித்து வந்ததும் மீட்டரால்தான். இன்வர்மே பக்கம் ஒரு வீட்டில் மீட்டர் கொட்டகைக்குள் இருந்தது. படிக்கக் குனிந்தபோது அதன் மூடிமேல் ஒரு தகரக் கிரேன் நின்றிருந்தது. சக்கரம் மூன்றுதான், கொக்கி இல்லை. "குப்பைக்குப் போறதுதான், வேணும்னா எடுத்துக்கோ" என்றாள் வீட்டுக்காரம்மா. அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. பிள்ளைகள் இல்லை. "யாருக்கு இது?" என்று மனைவி கோரலி கேட்டபோது "எனக்குத்தான்" என்று சொல்ல வாய் கூசியது. சில வாரங்களில் கூச்சம் போய்விட்டது. கிரேனும் போய்விட்டது. அதைக் கொடுத்து ஒரு பால் வண்டி வாங்கியிருந்தார்.

அவர் சேர்த்த விதமே அப்படி. ஒரு பொம்மை கைக்கு வரும்வரை தூக்கம் வராது. வந்த பிறகு அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார். அடுத்ததுக்கு அதையே மாற்றாகக் கொடுத்துவிடுவார். அலமாரியில் ஒரு வருடம் நிலைத்து நின்ற பொம்மை ஒன்றுகூட இல்லை. "நம்ம வீடு வீடில்ல, சந்தைக்குப் போற வழி" என்பாள் கோரலி. அவள் அதைக் கோபமாகச் சொல்வதில்லை. தூசி தட்டுகிற வேலை மிச்சம் என்றும் சேர்த்துக்கொள்வாள்.

அவருடைய சிநேகிதர் ஐவர் ஸ்டாக் இதற்கு நேர் எதிர். நாலு தெரு தள்ளி வசித்த ஐவர், நாற்பது வருடம் ரொட்டிக்கடை நடத்தியவர்; மனைவி இறந்தபின் தனி ஆள். அவர் வீட்டுக்குள் போன பொம்மை வெளியே வராது. மெல்போர்னில் போருக்குப் பிறகு கொஞ்ச காலம் நடந்து மூடிப்போன ஹோல்ரிட்ஜ் என்ற கம்பெனியின் தகர வண்டிகளை மட்டும் சேர்த்தார். மொத்தம் பன்னிரண்டு வகை. பதினொன்று பெட்டியோடு கிடைத்துவிட்டன. தீயணைப்பு வண்டிக்காக மட்டும் அந்தக் கடைசி இடம் காலியாகவே இருந்தது.

மார்ச் மாதம் அல்வர்ஸ்டன் ஊரில் நடந்த பொம்மைச் சந்தையில் லிண்ட்ஸேயின் மேசைமேல் அந்தத் தீயணைப்பு வண்டியைப் பார்த்த ஐவர், அதைக் கையில் எடுத்தார். சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கையில் இருக்கும் பொருளைப் பற்றி வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. கீழே வைத்தால்தான் அடுத்தவர் பேசலாம். ஐவர் அதைக் கீழே வைக்கவே இல்லை. ஒரு கையால் வண்டியையும் பெட்டியையும் அணைத்துக்கொண்டு, மறு கையால் டீ குடித்தார்.

"ரெண்டும் ஒரே வீட்டுலயா கெடச்சுது?" என்றார் கடைசியில்.

இந்தக் கேள்வி சேகரிப்பவர்களுக்குப் பெரிய கேள்வி. எங்கிருந்தோ வந்த வண்டியை எங்கிருந்தோ வந்த பெட்டிக்குள் வைப்பதை அவர்கள் 'கல்யாணம் பண்ணிவைத்தது' என்பார்கள். அதில் தப்பில்லை. ஆனால் சொல்லிவிட வேண்டும். உண்மையில் வண்டி ஸ்காட்ஸ்டேலில் ஒரு கிழவியிடம் வாங்கியது. பெட்டி, அதற்கு ஒரு மாதம் கழித்து டெலொரேனில் ஒரு கொட்டகை விற்பனையில், முன்பின் தெரியாத ஆளிடம் வாங்கியது.

"ஆமா, ஒரே வீடு" என்றார் லிண்ட்ஸே. ஐவர் கையில் இருந்ததை அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க அவருக்குப் பொறுமை இல்லை. ஐவரிடம் இருந்த பஸ் ஒன்றின்மேல் அவருக்கு வெகுநாள் கண். கரும்பச்சையும் பாலாடை நிறமும் அடித்த வார்ப்பு பஸ். ஹோல்ரிட்ஜ் அல்ல, ஆனாலும் ஐவர் முதன்முதலில் வாங்கியது. மூக்கில் பெயின்ட் உதிர்ந்து ஈயம் தெரியும். ஐவர் தன் வாழ்நாளில் கைவிட்டுக் கொடுத்த ஒரே பொம்மை அதுதான். தீயணைப்பு வண்டிக்குப் பஸ் என்று இருவரும் கைகுலுக்கினார்கள்.

ஜூன் முடிவதற்குள் பஸ் லிண்ட்ஸேயிடம் இல்லை. கப்பலேறி விக்டோரியாவில் கோலாக் என்ற ஊருக்குப் போய்விட்டது.

ஆகஸ்டில் எல்லோரும் வாங்குகிறார்களே என்று அவரும் ஒரு ஊதா டார்ச் வாங்கினார். கள்ள நோட்டுப் பார்க்கிற டார்ச்தான். பழைய அட்டைமேல் அந்த ஒளி பட்டால் மந்தமாகக் கிடக்கும். இந்தக் காலத்து அட்டை, சலவை செய்த சட்டை மாதிரி நீலமாக எரியும். துணி துவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தார். எல்லாம் மந்தம். கடைசியாக ஒரு பால் வண்டிப் பெட்டி. அறையே நீலமாயிற்று.

அவர் வெளியே வந்து நின்ற விதத்தைப் பார்த்து கோரலி கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்ன, பாம்பா?"

"பெட்டி போலி. டெலொரேன்ல வாங்கினது."

"சரி, தூக்கிப் போடு."

"ஐவருக்குக் குடுத்த பெட்டியும் அதே ஆள்கிட்ட, அதே நாள் வாங்கினதுதான்."

கோரலி மறுபடியும் காரட் நறுக்க ஆரம்பித்தாள். "அப்பப் போய்ச் சொல்லு."

"பஸ் கையில இல்லாம எப்படிப் போறது?"

"நாலு தெருதானே, நடந்தே போலாம்."

அவள் சொன்னது வேடிக்கை. ஆனால் விஷயம் வேடிக்கையாக இல்லை. பொம்மை சேகரிப்பவர்கள் சங்கத்தில் கைகுலுக்கிய மாற்று கைகுலுக்கியதுதான்; யாரும் பிரிக்க முடியாது. ஒரே விலக்கு, கொடுத்த பொருள் போலி என்றால். அப்போது கொடுத்தவன், தான் வாங்கியதையே திருப்பித் தர வேண்டும். அதன் மதிப்பையோ அதைவிட நல்ல இன்னொன்றையோ தந்தால் ஏற்க மாட்டார்கள். இதற்கிடையில் செப்டம்பரில் வருடாந்தரக் காட்சி. ஐவர் தன் பன்னிரண்டு வண்டிகளையும் முதல்முறையாக வரிசையாக வைக்கப்போகிறார். மெல்போர்னிலிருந்து இரண்டு நடுவர்கள் வருவார்கள். கூடத்து விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு எல்லோர் முன்னாலும் ஒவ்வொரு பெட்டியாக ஊதா ஒளி அடிப்பார்கள். ஏதாவது நீலமாக எரிந்தால் கூடம் மொத்தமும் 'ஓ' என்று ஒரு சத்தம் போடும். அந்தப் பெட்டியை வைத்தவர் அதற்குப் பிறகு சந்தைக்கு வருவது கஷ்டம்.

லிண்ட்ஸே முதலில் சுற்றிவளைத்துப் பார்த்தார்.

"அந்தத் தீயணைப்பு வண்டியைக் காட்சிக்கு வைக்காதே, ஐவர். பெட்டி வெயில்ல மங்கிரும்."

"கூடத்துக்குள்ள ஏதுய்யா வெயில்?"

"கூட்டம் வேற. எவனாவது தட்டிவிட்டுருவான்."

"எவன் தட்டுவான், நீதான் தட்டுவே. உட்காரு முதல்ல. வீட்டுக்குள்ள மாடு நுழைஞ்ச மாதிரி இருக்கு."

அவர் உட்காரவில்லை. அலமாரிக்கும் கதவுக்கும் நடந்தார். அலமாரியில் பன்னிரண்டு வண்டிகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் பெட்டி. வரிசை நிறைந்திருந்தது. ஐவர் அதன் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு வண்டியை நூலளவு நகர்த்தி வைத்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் லிண்ட்ஸே வெளியே வந்துவிட்டார்.

மறுநாளே கோலாக்குக்குப் போன் போட்டார். பஸ்ஸை வாங்கிய டூகல் பிரென்டிஸ் உற்சாகமான ஆள்.

"அந்தப் பஸ்ஸா? தர்றேனே. என்ன குடுப்பே?"

"என்கிட்ட இருக்கற ரெண்டு டிராக்டர்."

"வா, வா. பஸ்ஸைப் பார்த்தா அசந்து போயிருவே."

கடைசி வார்த்தையை லிண்ட்ஸே காதில் வாங்கிக்கொள்ளவில்லை. டெவன்போர்ட்டில் பகல் கப்பல் ஏறினார். பாஸ் நீரிணையில் அன்று நல்ல அலை. பயணிகள் எல்லோரும் படுத்துவிட்டார்கள், அவர் மட்டும் மேல்தளத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார். கோலாக்கில் பிரென்டிஸ் கொட்டகைக் கதவைத் திறந்து, துணியை விலக்கி, கல்யாணப் பெண்ணைக் காட்டுவதுபோலப் பஸ்ஸைக் காட்டினார்.

பஸ் பளபளவென்று மின்னியது. கரும்பச்சை இல்லை, புல் பச்சை. மூக்கில் ஈயம் தெரியவில்லை. கருப்பு டயர்கள் புதியவை.

"பழைய பெயின்டையெல்லாம் சுரண்டி எடுத்துட்டேன். மூணு பூச்சு" என்றார் பிரென்டிஸ். "புதுசு மாதிரி இல்ல?"

"புதுசு மாதிரிதான் இருக்கு" என்றார் லிண்ட்ஸே. டிராக்டர்களைக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸை வாங்கிக்கொண்டார். வேறு வழி தெரியவில்லை. பிரென்டிஸ் கெட்டவர் அல்ல. சேகரிப்பவர்களுக்குப் பொம்மையின் மதிப்பே பழைய பெயின்டில்தான்; அதை அழுக்கு என்று நினைக்கிற வகை அவர். அப்படிப்பட்டவர் கையில் கொடுத்தது யார் என்பதுதான் திரும்பி வரும் வழியெல்லாம் லிண்ட்ஸேயைக் குடைந்தது.

காட்சிக்கு நான்கு நாள் இருந்தபோது ஐவர் வீட்டுக் கதவைத் தட்டினார். ஐவர் வண்டிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வா. கை குடு, இதைப் பிடி."

லிண்ட்ஸே பையிலிருந்து பஸ்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார். ஐவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைத் திருப்பிப் பார்த்தார்.

"யார் பஸ் இது?"

"உன்னோடதுதான்."

"என் பஸ்ஸுக்கு மூக்குல பெயின்ட் இருக்காது."

"உன்னோடதுதான், ஐவர். நான் மாத்திட்டேன், அந்தாளு பெயின்ட் அடிச்சுட்டான். திரும்ப வாங்கிட்டு வந்திருக்கேன். அந்தத் தீயணைப்புப் பெட்டி போலி."

ஐவர் பஸ்ஸைக் கீழே வைத்தார். பெட்டியை எடுத்தார். லிண்ட்ஸே நீட்டிய டார்ச்சை வாங்கிக்கொண்டு சமையல் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.  லிண்ட்ஸே மேசையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

ஐவர் வெளியே வந்தார். "எரியுது."

"வண்டி அசல். அது நிஜம். பெட்டி மட்டும்தான்."

"ஒரே வீடுன்னியே."

"சொன்னேன்."

"அதைச் சொல்லுய்யா. பெட்டி போலின்னா நீயும் ஏமாந்தே, நானும் ஏமாந்தேன், அதோட சரி. ஒரே வீடுங்கறதுல ஏமாந்தது நான் மட்டும்."

லிண்ட்ஸே மேசையைச் சுற்றுவதை நிறுத்தினார். "சங்கத்துல சொல்லிடறேன். என்னை எடுத்துடட்டும்" என்றார்.

"எடுத்துட்டா நான் யாரைத் திட்டறது?" ஐவர் பஸ்ஸை அவர் பக்கம் தள்ளினார். "இது என் பஸ் இல்ல. இதை இங்க வைக்காதே. நீயே வெச்சுக்கோ. இதை மாத்திக்க வர்றவன் எவனாவது இருந்தா சொல்லு, நானும் அவனைப் பாக்கணும்."

"அப்பக் காட்சிக்கு?"

"வண்டி வரும். பெட்டி வராது." கொஞ்சம் யோசித்து, "சனிக்கிழமை காலைல வா. ஒரு நாற்காலி எடுத்துட்டு வா" என்றார்.

சனிக்கிழமை பௌலிங் கிளப் கூடத்தில் நீளமான மேசைமேல் பன்னிரண்டு வண்டிகள் நின்றன. பதினொன்றுக்குப் பின்னால் பெட்டி. தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் பெட்டியளவு வெறும் இடம். அதற்கு நேரே நாற்காலி போட்டு லிண்ட்ஸே உட்கார்ந்திருந்தார்.

"கேட்டவங்களுக்கு நீதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு ஐவர் மேசையின் மறுகோடிக்குப் போய்விட்டார்.

கேட்டார்கள். முதலில் கேட்டது பர்னி ஊர்க்காரர் ஒருவர்.

"இதுக்குப் பெட்டி எங்கே?"

"போலி. நான்தான் குடுத்தேன். ஒரே வீடுன்னு பொய் சொல்லிக் குடுத்தேன்."

பர்னிக்காரர் அவரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், நகர்ந்தார். அடுத்து இரண்டு பெண்கள். அதற்கடுத்து, சங்கத்தில் அவரோடு பத்து வருடமாகச் சீட்டாடுகிற ஒருவர். அவருக்கும் அதே வார்த்தைகள். நடுவர்கள் விளக்கை அணைத்து ஒளி அடித்தபோது பதினொரு பெட்டிகளும் மந்தமாகக் கிடந்தன. கூடத்தில் சத்தமே இல்லை. இருட்டில் ஒரு நடுவர், "பன்னிரண்டாவது?" என்று கேட்டார். லிண்ட்ஸே எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடியும் சொன்னார். ஐவருக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. பெட்டி இருந்திருந்தால் முதல் பரிசு என்று எல்லோருக்கும் தெரியும்.

பிற்பகலில் ஐவர் வந்து சிப்பிக்கறி அடைத்த 'ஸ்காலப் பை' என்ற பலகாரத்தைக் காகிதத்தட்டில் வைத்து அவர் மடிமேல் வைத்தார். அவரே சுட்டது.  லிண்ட்ஸே அதை உட்கார்ந்தபடியே தின்றார்.

அப்போது கூடத்தின் எதிர்ப்பக்கம் ஹோபார்ட் வியாபாரி ஒருவர் புதிதாக ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். நாலு பேர் ஓடினார்கள். பிறகு பத்து பேர். யாரோ ஒரு நீலச் சரக்கு வண்டியைத் தூக்கிப் பிடிப்பது தெரிந்தது. அச்சு எப்படி, சக்கரம் தகரமா ரப்பரா என்று இங்கிருந்து தெரியவில்லை. லிண்ட்ஸேயின் குதிகால் தரையில் தட்ட ஆரம்பித்தது. அந்த ஆள் வண்டியைக் கீழே வைத்தான். யாருடைய கையிலும் இல்லை. லிண்ட்ஸே நாற்காலிக் கைகளைப் பிடித்துப் பாதி எழுந்துவிட்டார்.

மேசையின் மறுகோடியில் ஐவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்குப் பெட்டி இல்லையா?" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண், தீயணைப்பு வண்டிக்கு நேரே குனிந்து நின்றாள்.

லிண்ட்ஸே உட்கார்ந்தார்.

"இருந்துது" என்றார். "சொல்றேன், கேளுங்க."