மண்ணோடு வந்த கேரட்

இன்று பள்ளி முழுக்கக் கேரட்டம்மா என்று கூப்பிடும் பெண் என் பக்கத்து வீட்டுக்காரி. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் காய்கறித் தோட்டம் அவளுடையது. கோபத்தை ஆறப்போடத் தெரியாதவள். எனக்கு அவளைப் பிடித்ததே அதனால்தான்.

முதல் தடவை, பிள்ளைகளின் சாப்பாட்டுக்குக் கொடுக்க ஒரு கூடை கேரட்டோடு பள்ளிச் சமையலறை வாசலில் போய் நின்றாள். சமையல்காரர் கூடையைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"இவ்ளோ மண்ணா இருக்கே, யாரு கழுவுறது? உங்க வீட்டு ஆளுங்க வருவாங்களா? எனக்குப் பாக்கெட்லயே நறுக்கி வருது."

சாப்பாட்டு வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அதில் அவள் மகளும் நின்றாள். "யாருடி அது?" என்று தோழி கேட்டாள். "யாரோ," என்றாள் மகள். அது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. "ஆளுங்க வருவாங்களான்னு கேட்டான் இல்ல? கூட்டிட்டுப் போறேன். அவன் கையாலயே கழுவ வைக்கலைன்னா பாருங்கக்கா!"

வீடு வீடாக ஏறி இறங்கினோம். பள்ளிப் பிள்ளைகளில் ஒருவனின் பஸ் ஓட்டும் அப்பா, இன்னொருத்தியின் தையல்கார அம்மா, ஓய்வுபெற்ற தபால்காரர் என்று ஆள் சேர்ந்தது. தினமும் காலையில் கழுவி, தோல் சீவி, நறுக்கிக் கொடுப்போம் என்றோம். தலைமையாசிரியை உடனே சம்மதித்தார். சமையல்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தார். பிள்ளைகளோ கேரட்டைப் பச்சையாகவே கடித்துத் தீர்த்தார்கள். கொஞ்ச நாளில் பாக்கெட் காய் வருவது நின்றது.

அதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். "நாளைக்கு யாரும் கத்தியைத் தொடக் கூடாது," என்று எங்களிடம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் கேரட் மூட்டை அப்படியே கிடந்தது. நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"என்னம்மா, இன்னும் கழுவலையா? நேரமாகுதே!" என்று பதறினார் சமையல்காரர்.

"இவ்ளோ மண்ணா இருக்கே," என்றாள் அவள். "யாரு கழுவுறது?"

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக் குழாயடியில் குந்தினார். தபால்காரர் மனசு கேட்காமல் எழுந்தார். "உக்காருங்கண்ணே!" என்று அவள் அதட்டினாள். பாவமாக இல்லையா என்று கேட்டால், இல்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது.

இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள். சமையல்காரர் முழங்கால்வரை நனைந்திருந்தார்.

"யாருடி அது, அவரையே கழுவ வைக்கிறது?" என்றாள் அதே தோழி.

"எங்க அம்மா," என்றாள் மகள், எல்லோருக்கும் கேட்கும்படி.

கேரட்டம்மா அப்போதுதான் எழுந்தாள். "தள்ளி உக்காருங்க," என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டு, மீதிக் கேரட்டை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.