அட்ஜஸ்ட் அக்கா

உள்ளறையில் பையின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. முன்னறையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவளின் கால் ஒரு கணம் நின்று, மறுபடி மிதித்தது. பல்லிடுக்கில் குண்டூசி. எதிரே நின்ற வாடிக்கைக்காரிக்கு அவள் சொன்ன பதிலில் பாதிதான் வெளியே வந்தது.

"...ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

"போன தடவ சட்டைக்கு ஏத்த மாதிரி என்னையே அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னீங்களேக்கா!"

"மூச்சை உள்ள இழுத்துக்கடி, எல்லாம் சரியாயிடும்."

தெருவே அவளை 'அட்ஜஸ்ட் அக்கா' என்றுதான் கூப்பிடுகிறது. இடுப்பு பிடித்தால் அட்ஜஸ்ட். கரண்ட் போனால் அட்ஜஸ்ட். வீட்டுச் சொந்தக்காரர், இருந்த ஒரே ஜன்னலையும் அடைத்துச் சுவர் எழுப்பியபோது, மெஷினை விளக்கடிக்கு நகர்த்தி, "வெயிலடிக்காது பாரு, அதுவும் ஒரு அட்ஜஸ்ட்" என்று சிரித்தாள். கட்டியவன் சொல்லாமல் கொள்ளாமல் போன அன்று, இடுப்பில் கைக்குழந்தையோடு அந்தச் சொல்லை முதன்முதலாகச் சொன்னாளாம். அன்று அதற்கு 'அழாதே' என்று பொருள்.

அவள் தைத்த உடையை உள்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். ஓரமெல்லாம் தாராளமாகத் துணி மடித்து விட்டிருப்பாள். "உடம்பு ஒரே மாதிரியா இருக்கும்? நாளைக்குப் பிரிச்சுக்கலாம்."

வாடிக்கைக்காரி போனதும், அந்தக் கைக்குழந்தை பெரியவளாகி, கல்யாணமாகி, நீலச் சட்டையொன்றோடு உள்ளறையிலிருந்து வந்தாள்.

"அம்மா, இந்தக் கையை மட்டும் கொஞ்சம் இறக்கிக் குடு."

"உனக்குத்தான் நீளக் கை பிடிக்காதேடி?"

"இப்போ பிடிக்குது."

போன முறை வந்தபோது மகள் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். "மாப்பிள்ளை கோபக்காரர், நீதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும் கண்ணு" என்று இவளே தலையைத் தடவித் திருப்பி அனுப்பினாள். இந்த முறை மகள் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் வந்தாள், தூங்கினாள், பையை மூடிவிட்டாள்.

அக்கா தையலைப் பிரித்தாள். மடிப்பு முழுவதையும் இறக்கி, இஸ்திரி போட்டு, மகளுக்குத் தானே மாட்டிவிட்டாள். சட்டைக் கை முடிந்த இடத்துக்குக் கீழே, மணிக்கட்டைச் சுற்றிக் கன்றிப்போன விரல் தடங்கள் தெரிந்தன.

"இன்னும் கொஞ்சம் இறக்கும்மா."

"இதுக்கு மேல துணி இல்லடி கண்ணு."

போகாதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். இத்தனை வருஷம் ஒரே சொல்லை வைத்துக் குடும்பம் நடத்திய வாய்க்கு, இப்போது வேறு சொல் அகப்படவில்லை. உதடு மட்டும் துடித்தது. மகள் அதைப் பார்த்து, பழைய சொல்தான் வரப்போகிறதென்று தவறாகப் புரிந்துகொண்டாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா. ஷாலைப் போட்டு நானே அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்."

பிறந்த வீட்டில் விருந்தாளிபோலச் செருப்பை மாட்டிக்கொண்டாள். பையை எடுத்தாள். "வரேம்மா."

கதவு சாத்திக்கொண்டது.

மெஷினின் முன்னால் உட்கார்ந்த அக்கா, தன் இடது மணிக்கட்டை வலது கையால் சுற்றிப் பிடித்தாள். எவ்வளவு அழுத்தினால் தடம் பதியும் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பார்த்தாள்.