தீட்டுத் தட்டும் இரண்டு கோழிகளும்

மூன்றாவது முறையும் சடங்கு தள்ளிப்போய், என் பட்டுப்புடவை வீணாகக் கசங்கியபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

நீங்களே சொல்லுங்கள்... வயதுக்கு வந்த பெண்ணுக்குச் சடங்கு என்று நாள் குறிக்கிறார்கள். நாமும் எவர்சில்வர் தட்டு ஒன்று வாங்கி, பெண் பெயரையும் தேதியையும் வெட்டி வைக்கிறோம். கிளம்புவதற்கு முதல் நாள், 'நாள் சரியில்லையாம், தள்ளி வெச்சிருக்கு' என்று ஆள் வருகிறது. சரி, போகட்டும். அடுத்த தேதிக்கு முன்னால், 'பங்காளி வீட்டில் சாவு' என்று போஸ்ட் கார்டு. சாவு யாரைக் கேட்டுக்கொண்டா வருகிறது? அதுவும் போகட்டும். மூன்றாவது முறை ஆளும் வரவில்லை, கார்டும் வரவில்லை. பட்டைக் கட்டிக்கொண்டு, தட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அரியலூரிலிருந்து பஸ் பிடித்துப் போய் இறங்கினால் — பந்தலே இல்லை.

வாசலில் அஞ்சலை நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஐயோ, அக்கா... உங்களுக்குச் சேதி வரலியா? மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிட்டாங்க. நல்ல காரியம் செய்யக் கூடாதுன்னுட்டாங்க."

அஞ்சலையை உங்களுக்குத் தெரியாது. என் கணவர் உடையார்பாளையத்துப் பக்கம் வாத்தியாராக இருந்தபோது எங்கள் பக்கத்து வீடு. அவள் வீட்டு முருங்கைக்கீரையும் என் வீட்டுக் காப்பியும் வேலி தாண்டிப் போய்வந்த காலம் அது. அவளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் செல்வி, கல்யாணமாகிவிட்டது. இளையவள் கொளஞ்சி, எட்டாம் வகுப்பு. இந்தச் சடங்கெல்லாம் அவளுக்குத்தான்.

நான் தெருவைத் திரும்பிப் பார்த்தேன். காப்புக் கட்டிய ஊர் எப்படி இருக்கும்? வேப்பிலைத் தோரணம், மஞ்சள் தண்ணீர், காலையிலேயே ரேடியோ செட்டில் பாட்டு... இங்கே ஒரு வேப்பிலைகூடக் கண்ணில் படவில்லை.

"ஏம்மா அஞ்சலை, எந்த மாரியம்மனுக்குக் காப்பு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு ஏறிய கோபத்துக்கு அளவில்லை. பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளையை இத்தனை நாள் ஓலைக் குடிசையில் உட்கார வைத்திருக்கிறாளே! விறுவிறுவென்று கொல்லைப்புறம் போனேன்.

கீற்றுக் குடிசைக்குள் கொளஞ்சி கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உளுந்தங்களி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். களிக்கு நடுவில் குழி செய்து நல்லெண்ணெய். பக்கத்தில் ஒரு முட்டை.

"வாங்க பெரியம்மா," என்று சிரித்தாள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அடையாளமே தெரியவில்லை. போன தை மாதம் பார்த்தபோது கழுத்தெலும்பில் தண்ணீர் ஊற்றினால் நிற்கும் என்கிற மாதிரி இருந்தாள். இப்போது கன்னத்தில் சதை போட்டிருந்தது. உதட்டில் ரத்தம் தெரிந்தது.

அஞ்சலை பின்னாலேயே வந்து நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. நாந்தான் தள்ளித் தள்ளி வெக்கிறேன். சடங்கு முடிஞ்சா இது வூட்டுக்குள்ள வந்துடும்."

"வரட்டுமே. அதுக்குத்தானே சடங்கு?"

"வூட்டுக்குள்ள வந்தா எப்ப சாப்பிடும்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். பக்கத்து வீட்டில் இருந்தவள் அல்லவா? மாமனார், புருஷன், புருஷனின் தம்பிகள் இருவர் என்று ஆண்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் உட்காருவார்கள். குழம்பில் காய் இருக்காது. பல நாள் குழம்பே இருக்காது. நீராகாரத்தில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடும் இந்தப் பெண்.

"இங்க இருக்கற வரைக்கும் ஒறவுக்காரங்க முறை வெச்சுக் களி கிண்டிக் கொண்டாந்து தர்றாங்க. எந்தம்பி முட்டையும் எண்ணெயும் அனுப்புறான். அதவிட, இது தீட்டுத் தட்டுக்கா. எந்த ஆம்பளையும் கை வெக்க மாட்டான். இந்தப் பொண்ணு பொறந்ததுலேருந்து அவளுக்குன்னு வெச்ச சோறு அவ வயித்துக்கே போறது இப்பத்தான்."

எனக்கு வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது. தீட்டு என்றால் எரிந்து விழுகிற ஆள் நான். அந்தத் தீட்டை ஒருத்தி வேலி மாதிரி கட்டித் தன் பெண்ணின் சோற்றைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. செல்வியின் பிரசவம். பதினாறு வயதில் கட்டிக்கொடுத்த பெண். அரியலூர் ஆஸ்பத்திரியில் அன்றைக்கு நானும் கூட இருந்தேன். பெண்ணுக்கு உடம்பில் ரத்தமே இல்லை என்றார் லேடி டாக்டர். இடுப்பெலும்பு வளரவே இல்லை. திருச்சிக்குக் கொண்டுபோய், வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். குழந்தை கைக்குள் அடங்கியது. இரண்டு உயிரும் பிழைத்ததே பெரிய காரியம். இன்றும் செல்வி ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் உட்கார்ந்துவிடுகிறாள். அந்தக் குழந்தைக்கு மாதம் ஒரு காய்ச்சல்.

அன்று அந்த டாக்டர் அஞ்சலையிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "இப்ப நான் ஊசி போட்டு, டானிக் குடுத்து என்னம்மா ஆகப்போகுது? நீ இவளைச் சுமந்தப்ப நீ சாப்பிட்டிருக்கணும். பால்குடி மறந்ததுலேருந்து வயசுக்கு வந்து வளர்ற வரைக்கும் இவ சாப்பிட்டிருக்கணும். அப்ப கட்டாத உடம்பை இப்ப நான் எங்கேருந்து கட்டுறது?"

அரியலூர் மண்ணை எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக்கல். லாரி லாரியாகப் போகிறது. ஊர் ஊராகக் கட்டடம் எழும்புகிறது. இந்த மண்ணில் பிறந்த பெண்களின் எலும்பில் மட்டும் சுண்ணாம்புச் சத்து இல்லை என்கிறார்கள். யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

"உன் தம்பிகிட்ட விஷயத்தைச் சொல்லவேண்டியதுதானே?" என்றேன்.

"எப்படிக்கா சொல்றது? எம்புருசன் வூட்டுல எம்பொண்ணுக்குச் சோறு போடலன்னு எம்பொறந்த வூட்டுல போயி நானே சொல்லவா?"

அவள் சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் சத்தம். தம்பி வேலாயுதமே வந்துவிட்டான். பாடாலூர் மெயின் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். அவனுக்கும் சேதி போய்ச் சேரவில்லை. மனைவி சரோஜா, நான்கு வயதுப் பெண் குழந்தை, சீர்த்தட்டுகள் எல்லாவற்றோடும் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறான். பந்தல் இல்லாத வாசலைப் பார்த்ததும் அவன் முகம் கறுத்துவிட்டது.

"சீரு பத்தலன்னா நேராவே சொல்லிடுக்கா," என்றான். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஊரு சிரிக்கிற மாதிரி மூணு தடவ தள்ளி வெக்கவேணாம். தட்டை இங்கயே வெச்சுட்டுப் போறேன். இனிமே இந்த வாசப்படி மிதிக்கல."

அஞ்சலை அழுதாள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. புகுந்த வீட்டு மானத்தைக் காப்பாற்றப் பிறந்த வீட்டையே இழக்கத் தயாராக நிற்கிறாள். நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! அவனைக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போனேன். குடிசையில் கொளஞ்சியைக் காட்டினேன்.

"உன் அக்காவுக்குச் சீர் பத்தாமல் இல்லை, வேலாயுதம். உன் முட்டை நின்னுடுமேன்னு பயம். செல்விக்கு நடந்தது இவளுக்கும் நடந்துடுமேன்னு பயம்," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன்.

அவன் அக்கா மகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அஞ்சலையிடம் வந்தான்.

"சடங்கு முடிஞ்சா முட்டை குடுக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

"யாரும் சொல்லல தம்பி. குடுக்கணும்னுதான் யாரும் சொல்லல."

எனக்கு அந்த இடத்தில் சுருக்கென்றது. நம் ஊரில் பெண்ணுக்குச் சோறு போடுவது ஒரு விழா. வயதுக்கு வந்தால் களி, வளைகாப்பு என்றால் ஐந்து வகைச் சாதம், பிள்ளை பெற்றால் பத்தியக் குழம்பு. போட்டோ பிடிக்கிறோம், பந்தி வைக்கிறோம். பந்தலைப் பிரிக்கும்போது கூடவே சோற்றையும் பிரித்துவிடுகிறோம். விழாவுக்கும் விழாவுக்கும் நடுவில் இருக்கும் சாதாரண நாட்களில்தானே ஐயா எலும்பு வளர்கிறது, ரத்தம் ஊறுகிறது? நாற்பது வயதில் வரும் மூட்டு வலியையும் மூச்சு வாங்குதலையும் எந்த டாக்டரிடம் காட்டினாலும், அதில் பாதி சின்ன வயதில் கிடைக்காத சோறுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேலாயுதம் யோசித்தான். "வர்ற புதன்கெழமை சடங்கு. இனிமே தள்ளக் கூடாது. மத்தத நான் பாத்துக்கறேன்," என்றான்.

போன புதன்கிழமை சடங்கு நடந்தது. நான்காவதாகக் குறித்த தேதிக்கு மறுபடியும் பட்டைக் கட்டினேன். தட்டில் வெட்டிய தேதி என்றைக்கோ போய்விட்டது. பெயர் மட்டும் சரியாக இருந்தது.

மாமன் சீர் வரிசை வந்தது. பாவாடை தாவணி, வளையல், வெள்ளிக் கொலுசு, பழத்தட்டு. கடைசியில் ஒரு மூட்டை உளுந்து. அதற்குப் பின்னால் ஒரு கூடை. கூடைக்குள் கொக்கரிப்பு.

வேலாயுதம் சபை நடுவில் கூடையை இறக்கினான்.

"எங்கக்கா மவளுக்கு மாமன் சீரு. இந்த ரெண்டு கோழியும் போடுற முட்டை அவ தட்டுக்கு மட்டுந்தான். வேற யாரு தொட்டாலும் என் சீரைத் தொட்ட மாதிரி. மூட்டை காலியானா அடுத்த மூட்டை வரும்."

கூட்டத்தில் யாரோ, "சேவல் எங்க மாப்ள?" என்று கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலையின் புருஷனும் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். மாமன் சீரில் கை வைக்க இந்தப் பக்கத்தில் எந்த ஆணுக்குத் துணிச்சல் வரும்? அஞ்சலை சிரிக்கவில்லை. என் தட்டைக் கழுவி எடுத்து வந்து கொளஞ்சியின் முன்னால் வைத்தாள். தீட்டுத் தட்டு போய், பெயர் வெட்டிய தட்டு வந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கியது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இத்தோடு முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பந்தி என்று ஒன்று இருக்கிறதே...

என் பக்கத்து இலையில் சரோஜா. ஆறு மாதக் கர்ப்பம். மடியில் அந்த நான்கு வயதுப் பெண் — கை கால் குச்சி குச்சியாக. சரோஜா ஒரு கரண்டிச் சோற்றோடு இலையைக் கையால் மறைத்தாள்.

"போதும்க்கா. நெறைய சாப்பிட்டா வயித்துல புள்ள பெருத்துடும், பிரசவம் கஷ்டம்னு சொல்றாங்க."

அந்த நேரம் பார்த்து வேலாயுதம் சாம்பார் வாளியோடு வந்தான். முகமெல்லாம் பெருமை. நான் விடுவேனா?

"ஏம்பா, உன் பொண்ணு முட்டை சாப்பிடுறாளா?"

"இவளுக்கு என்னங்க இப்ப அவசரம்?" என்றான் அவன், கள்ளங்கபடமே இல்லாமல். "வயசுக்கு வர்றப்ப இவ மாமன் செய்வான்ல."

சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டான். நான் சரோஜாவைப் பார்த்தேன். அவள் இலையை மறைத்திருந்த கையை மெதுவாக எடுத்தாள். என் காதருகே குனிந்தாள்.

"அடுத்த மாசம் எனக்கு வளைகாப்புக்கா. எங்கண்ணன் வராரு. நீங்களும் வந்து அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. ரெண்டு கோழி பத்தாது... மூணு கேளுங்க."

"மூணு எதுக்கு?"

"எனக்கு ஒண்ணு, இவளுக்கு ஒண்ணு, உள்ள இருக்கறதுக்கு ஒண்ணு."

வீட்டுக்கு வந்ததும் பட்டுப்புடவையைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. அடுத்த மாதம் பாடாலூர் போகவேண்டும்.