விழுப்புரம் – திண்டிவனம்: மஞ்சப்பையில் வந்த திருட்டுப் பயணிகள்

காலாண்டு விடுமுறையில் நண்பர்கள் ஊட்டிக்குப் போனார்கள். நான் ஒரு வெண்டைச் செடியோடு திண்டிவனம் போனேன். விழுப்புரம் பக்கம் காணையில் சித்தப்பா போட்ட வெண்டையில் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டது. பிடுங்குவதா, விடுவதா? திண்டிவனத்தில் பயிர் நோய் பார்க்கும் மேடத்திடம் காட்ட, ஒரு செடியை வேரோடு மஞ்சப்பையில் வைத்து சித்தப்பாவும் நானும் புறப்பட்டோம்.

விழுப்புரத்தில் காலை 7.10 பேருந்து. நாற்பது கிலோமீட்டர், ஆளுக்கு முப்பது ரூபாய், செடிக்கு இலவசம். ஜன்னலில் வயல்கள் அரைத்தூக்கத்தில் நகர்ந்தன. எது பனி, எது என் கொட்டாவி என்றே தெரியவில்லை.

கூட்டேரிப்பட்டில் டயர் பஞ்சர். நாற்பது நிமிடம். டீக்கடை பெஞ்சில் சித்தப்பா தூங்கிப்போனார். சும்மா இருப்பேனா? அவர் தலைக்கு மேல் செடியை உதறினேன். வெள்ளை ஈக்கள் மாவு போலக் கிளம்பி வெயிலில் மிதந்தன. ஒரே நொடியில் சித்தப்பாவுக்கு நரை! மிச்சமெல்லாம் கடைக்குப் பின்னால், டீக்கடை அக்காவின் வெண்டைப் பாத்திப் பக்கம் மெல்ல மிதந்து போயின. அவ்வளவு அழகு.

"இது வைரஸ்ங்க. வெள்ளை ஈதான் தூக்கினு வருது. நோய் வந்த செடியெல்லாம் புடுங்கிடுங்க" என்றார் மேடம், திண்டிவனத்தில் செடியைப் பார்த்ததும். பிறகு ஒரு கதை சொன்னார். பூச்சியின் செல்கள் வேண்டாததைக் குப்பை போலப் பையில் கட்டிச் செரித்துவிடுமாம். வெள்ளை ஈக்குள் அந்தத் துப்புரவு இந்த வைரஸைக் கொஞ்சம் அழிக்கும். நெல்லைத் தாக்கும் சில வைரஸ்களோ பலே கில்லாடிகள். தத்துப்பூச்சிக்குள் அந்தக் குப்பைப்பையிலேயே ஏறி, அதைச் செரிக்கும் இடத்துக்குப் போகவிடாமல் மறித்து, வண்டியாக்கிக்கொள்கின்றன.

கண்ணை மூடினேன். பூச்சிக்குள் ஒரு மங்கலான நெடுஞ்சாலை, மிதக்கும் பைகள், ஒவ்வொன்றிலும் டிக்கெட் இல்லாத பயணி. நம்ம ஆளு!

"பை வாயக் கட்டிக்கினு வந்தீங்களா?" என்றார் மேடம்.

பை வாய் திறந்தே இருந்தது. காலையில் டீக்கடை அக்காவின் பாத்திப் பக்கம் மிதந்து போனவை நினைவுக்கு வந்தன. வைரஸை ஏற்றிவந்த அந்தப் பையும் நான், பூச்சியும் நான்.

திண்டிவனத்திலேயே பூச்சிகள் வந்து ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் பசை அட்டைகள் நான்கு வாங்கிக்கொண்டு, திரும்பும்போது கூட்டேரிப்பட்டில் இறங்கினோம். மாட்டிக்கொள்ளும் முன்பே நான் ஒப்புக்கொண்ட முதல் சேட்டை இதுதான்.

"அக்கா, காலைல உங்க பாத்தில பூச்சிய உட்டது நான்தான்."

"பேஜாரு புடிச்சவனே! இப்பதான்டா பூ வெச்சிக்கினு கீது! இன்னா பாத்துக்கினு நிக்கிற? ஜல்தியா அட்டையக் கட்டு!"

கட்டினேன். பூச்சிகளில் கொஞ்சம் ஒட்டின, கொஞ்சம் எங்கே போயினவோ.

நீங்கள் போவதானால்: செடி வேண்டாம், இலை போதும். உங்கள் வயலிலேயே பூச்சியை உதறிவிட்டு, கவரில் போட்டு இறுகக் கட்டுங்கள். பாதி வழியில் திறக்காதீர்கள், எவ்வளவு நரையில்லாத தலை எதிரே தூங்கினாலும்.

நோய் வெளியே தெரிய இரண்டு, மூன்று வாரமாகலாமாம். இன்று ஒன்பதாம் நாள். காலையில் டீக்கடை அக்காவுக்குப் போன் போட்டேன்.

"இலை இன்னா கலரு, அக்கா?"

"பச்சைதான்டா. நாளைக்கும் கேளு."