தாராவியிலிருந்து செம்பூருக்கு, கோடு போடாத பன்னிரண்டு பந்துகளோடு

நவம்பர் 16, ஞாயிறு, அதிகாலை 4.50, சயன் ஸ்டேஷன். ஆள் இரண்டு, கோல்ஃப் பை இரண்டு, மட்டை பத்தொன்பது, பந்து பன்னிரண்டு. எல்லாப் பந்தும் ஒரே கம்பெனி, எல்லாவற்றிலும் 3 என்ற எண். தொலைந்த பந்துகளைப் பொறுக்கிக் கழுவி விற்பவரிடம் ஒரே லாட்டில் வாங்கியது. பந்து ஒன்று நாற்பது ரூபாய். ஆளுக்கு ஆறாகப் பிரித்துக்கொண்டோம்.

பயணம் காதர் அண்ணனுக்காக. தாராவியில் எங்கள் சந்துக்கு அடுத்த சந்தில் தோல் பட்டறை வைத்திருக்கிறார், ஊர் திருநெல்வேலிப் பக்கம். கோல்ஃப் ஆடுபவர்கள் இடது கையில் மாட்டும் கையுறையை வெட்டித் தைத்து ஏற்றுமதிக்காரர்களுக்குக் கொடுப்பது தொழில். தைக்கிற பொருள் எதற்கு ஆகிறது என்று பார்க்கப் போனவர் ஆட்டத்தில் மாட்டிக்கொண்டார். பிறகு என்னையும் இழுத்துவிட்டார். நான் ஐரோலியில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியர். என் வேலையில் பத்து முறை ஒரே மாதிரி செய்தால் பத்து முறையும் ஒரே விடை வரும். கோல்ஃபில் வராது. மூன்று வருடமாக அந்த எரிச்சலில்தான் ஆடுகிறேன்.

அண்ணனுக்கு இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் ஒரு வருடமாக உள்ளங்கைப் பக்கம் மடங்கிக்கொண்டே வருகின்றன. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். டாக்டரைப் பார்க்க நானும் கூடப் போயிருந்தேன். விரல் நிமிரும், கத்தரி பிடிக்கலாம், வீசி அடிக்கிற வேலையை மட்டும் இதோடு விட்டுவிடுங்கள் என்றார். ஆக, இந்த ஞாயிறு ஆட்டம்தான் அவருக்குக் கடைசி. அவர் இதுவரை நூறுக்குள் முடித்ததே இல்லை.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு: மொத்தம் பதினெட்டுக் குழி. எல்லாவற்றிலும் பந்தைப் போட்டு முடிக்க எத்தனை அடி ஆயிற்று என்பதுதான் கணக்கு, குறையக் குறைய நல்லது. நன்றாக ஆடுபவர்கள் எழுபது, எண்பதில் முடிப்பார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு நூறுதான் சுவர். அண்ணனின் சிறந்த ஆட்டம் 102.

வழி சொல்கிறேன். சயனிலிருந்து குர்லா ஒரே ஸ்டேஷன், அங்கே ஹார்பர் லைனுக்கு மாறி செம்பூர். டிக்கெட் ஐந்து ரூபாய். பையோடு சாதாரணப் பெட்டியில் ஏறாதீர்கள், லக்கேஜ் டப்பாதான் சரி. அதில் மீன் கூடைகள் இருக்கும், வாடை பைக்கும் ஏறும். கூடைக்கு மேல் உட்கார்ந்திருந்த அம்மா எங்கள் பையைப் பார்த்து, தூண்டிலா என்று ஹிந்தியில் கேட்டார். "ஆமா, ஆறு வருசமா ஒண்ணும் மாட்டல" என்று அண்ணனும் ஹிந்தியிலேயே பதில் சொன்னார். அந்த அம்மா குர்லா வரும்வரை சிரித்தார்.

குர்லா பிளாட்பாரத்தில் பந்துக்கு அடையாளம் போடுவதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆடுபவர்கள் பேனாவால் தங்கள் பந்தில் ஒரு கோடோ புள்ளியோ வைப்பது வழக்கம்.

"அண்ணே, ஒரே நம்பரா இருக்கு. கோடு போட்டுருவோம்."

"நீ போட்டுக்க. நான் போட மாட்டேன்."

"ஏன்?"

"பட்டறையில சில்வர் பேனாவால கோடு போட்டா என்ன அர்த்தம்?"

ரிஜெக்ட் என்று அர்த்தம். தையல் பிசகின கையுறை, துளை விழுந்த தோல், எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரு கோடு. அதற்குப் பிறகு அது ஏற்றுமதிப் பெட்டியில் ஏறாது.

"கோடு போட்ட சரக்கை வச்சி ஆடச் சொல்லுதியா? அதுவும் இன்னைக்கு?"

சரி, நான் ஒருவன் போட்டால் போதும், என்னுடையது எது என்று தெரிந்தால் மற்றது அவருடையது. என் பேனா பைக்கு அடியில் கிடந்தது. மைதானத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

செம்பூர் ஸ்டேஷனிலிருந்து மைதானத்துக்கு ஆட்டோ 43 ரூபாய். மைதானத்தின் பெயர் எழுதவில்லை. உறுப்பினர் ஒருவர் கூட்டிப்போனால்தான் உள்ளே விடுவார்கள். எங்களைக் கூட்டிப்போனவர் சுந்தரேசன் சார், மாட்டுங்காக்காரர், ரிட்டயர்டு பேங்க் ஆபீசர். அண்ணன் தைத்த கையுறையைத்தான் போடுவார். வாசலில் காத்திருந்தவர் முதலில் வாட்சைப் பார்த்தார், பிறகுதான் எங்களை.

"ஆறேகாலுக்கு அடிக்கணும். நீங்க ஆற அமர வரேள்."

விருந்தாளிக் கட்டணம் ஆளுக்கு 3,500 ரூபாய். பையைத் தூக்கி வந்து பந்து எங்கே விழுகிறது என்று பார்க்கும் கேடிக்கு 600. காலர் வைத்த டி-ஷர்ட் கட்டாயம், ஜீன்ஸ் கூடாது. இந்தச் சம்பிரதாயமெல்லாம் முடித்து முதல் குழிக்கு அடிக்கிற மேடைக்கு ஓடும்போதே பெயர் கூப்பிட்டுவிட்டார்கள். பேனா பைக்கு அடியிலேயே இருந்தது.

என் ஆட்டத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. முதல் ஐந்து குழியில் மூன்று பந்து தண்ணீரில். அண்ணன் வேறு மாதிரி ஆடினார். மடங்கின இரண்டு விரலுக்குத் தகுந்த மாதிரி, மடங்கின வடிவத்திலேயே வெட்டித் தைத்த கையுறை ஒன்றைப் போட்டிருந்தார். அவருக்காக அவரே தைத்தது. முழு வீச்சு இல்லை, முக்கால் வீச்சுதான். பந்து தூரம் போகவில்லை, ஆனால் நேராகப் போனது. ஏழாவது குழியில் 140 கஜத்திலிருந்து அடித்த பந்து கொடிக்கு இரண்டடி தூரத்தில் நின்றது. அடிபட்ட சத்தமே தனி, உளியை ஒரே தட்டில் இறக்கின மாதிரி. அண்ணன் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஏன் ஆடுகிறோம் என்று யாராவது கேட்டால் அந்த அடியைத்தான் சொல்வேன், அது நான் அடித்ததில்லை என்றாலும்.

பதினாறு குழி முடிந்தபோது அவர் கணக்கு 87. மீதி இரண்டு. இரண்டிலும் ஆறு ஆறு அடித்தால் 99. சுந்தரேசன் சார் அட்டையில் எழுதிவிட்டு ஒருமுறை தொண்டையைச் செருமினார்.

பதினேழில் அண்ணன் அடித்த பந்து வலது பக்கம் மரங்களுக்குள் போனது. அடுத்து நான். என்னுடையதும் அதே இடத்துக்குத்தான் போனது. கேடி போய்த் தேடி இரண்டையும் கண்டுபிடித்துவிட்டார். ஒன்று நல்ல புல்மேல், எதிரே தடையில்லாமல். இன்னொன்று இரண்டு முழம் தள்ளி, வேருக்கும் வேருக்கும் நடுவே. இரண்டிலும் 3. இரண்டிலும் கோடு இல்லை.

சுந்தரேசன் சார் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"காதர் பாய், ரூல்படி எது யாரோடதுன்னு தெரியலேன்னா ரெண்டும் தொலைஞ்சதுதான். ஒரு அடி தண்டம், திரும்பப் போய் முதல்லேர்ந்து அடிக்கணும். ஆனா இது டோர்னமென்ட் இல்லே. நீங்க எதைச் சொல்றேளோ அதை நான் எழுதிக்கறேன்."

"அண்ணே, புல்லுல கிடக்கது உங்களுது. நான் பார்த்தேன்" என்றேன்.

"நீ எங்க பார்த்தே? உன் பந்தைத் திட்டிக்கிட்டுல்லா நின்னே."

"சரி, பார்க்கல. வேருல கிடக்கதை நான் எடுத்துக்கிடுதேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

அண்ணன் உட்கார்ந்து இரண்டு பந்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பின்னால் காத்திருந்த கும்பல் சீக்கிரம் போங்க அங்கிள் என்று ஹிந்தியில் கத்தியது. புல்லில் கிடப்பதை உங்களுடையது என்று சொன்னால் என்ன என்று நானே அவர் காதில் கத்தியிருப்பேன்.

"ஆயிரம் கிளவுஸ் குமிச்சிப் போடு, நான் வெட்டுனதை எடுத்துருவேன். இது தெரியல தம்பி. தெரியாததைத் தெரியும்னு எப்படிச் சொல்லுவேன்?"

எழுந்து திரும்பி நடந்தார். அடிக்கிற மேடைக்கு 180 கஜம் பின்னால் போக வேண்டும். கத்தின கும்பலைத் தாண்டித்தான் போக வேண்டும். நானும் போனேன், என் பந்தும் தொலைந்த பந்துதானே.

அந்தக் குழி அவருக்கு எட்டு. மொத்தம் 95. கடைசிக் குழியில் நான்கு அடித்தால் 99. மூன்றாவது அடியில் கொடிக்கு ஐந்தடி தூரத்தில் கொண்டுவந்து வைத்தார். அங்கிருந்து தட்டிய பந்து குழியின் விளிம்பில் அரைச் சுற்று சுற்றி வெளியே வந்து நின்றது. உள்ளே தள்ள இன்னொரு அடி.

நூறு.

சுந்தரேசன் சார் தொப்பியைக் கழற்றிக் கை கொடுத்தார். "நன்னா ஆடினேள் பாய்" என்றார். அண்ணன் மடங்கின கையால்தான் கை கொடுத்தார். கையுறையைக் கழற்றவில்லை.

திரும்பும்போது மணி 11.20. ஞாயிற்றுக்கிழமை ஹார்பர் லைனில் மெகா பிளாக், தண்டவாள வேலைக்காக ரயில் இல்லை. இதைப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவில் சயன் வரை 120 ரூபாய், அதற்கு மேல் நடை. சயன் பாலத்தில் வேலை நடப்பதால் சுற்றித்தான் வர வேண்டும். வெயிலில் பையோடு இருபது நிமிடம்.

பட்டறை ஷட்டரைத் தூக்கிப் பையை உள்ளே வைத்தோம். அண்ணன் கையுறையை உரித்து வெட்டுப் பலகைமேல் போட்டார், அது இரண்டு விரலை மடக்கிக்கொண்டே கிடந்தது. பாக்கெட்டிலிருந்து கடைசியாக ஆடின பந்தை எடுத்தார். மேஜைமேல் கிடந்த சில்வர் பேனாவால் அதன் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"அண்ணே, நான் ஒரு கோடு போட்டிருந்தா..."

"நீ போட்டிருந்தா உன் பந்து. என் பந்துக்கு நான்தான போட்டிருக்கணும்." பந்தை என்னிடம் தூக்கிப் போட்டார். "கொண்டு போ. இனி இதை ஏத்த முடியாது."

அவர் சொன்னது நியாயம்தான். அதனால் எனக்கு ஒன்றும் லேசாகிவிடவில்லை. உபகரணம், கட்டணம், ரயில் எல்லாம் ஒரு வாரமாகத் திட்டம் போட்ட நான், முப்பது விநாடி வேலையைத் தள்ளிப்போட்டேன். போகிறவர்கள் வீட்டிலேயே பந்தில் அடையாளம் போட்டுவிடுங்கள். இருவரும் ஒரே லாட்டில் வாங்காதீர்கள். இவ்வளவுதான் ஆலோசனை.

இனி நான் செய்ய வேண்டியவை:

1. மிச்சமிருக்கும் பந்துகளில் கோடு போடுவது. இன்று ராத்திரியே.

2. செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஐரோலிக்கு லீவு சொல்வது. செவ்வாய் காலை 6.30-க்கு அண்ணன் வீட்டு வாசலில் நிற்பது.

3. அவர் மட்டைகளை விற்றுத் தரச் சொல்லியிருக்கிறார். மீன் வாடை போகத் துடைத்து வைப்பது. விலை கேட்டு யாருக்கும் போன் செய்யாமல் இருப்பது.

4. டிசம்பரில் ஒரு ஞாயிறு, ஒரு விருந்தாளிக்கு மட்டும் இடம் இருக்கிறது, வருகிறாயா என்று சுந்தரேசன் சார் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். வரவில்லை என்று பதில் போடுவது. மதியத்திலிருந்து இரண்டு முறை அடித்து அழித்துவிட்டேன்.