காது கேட்காதவரின் பழைய கார்

2011-இல் நடந்தது இது. அப்போது நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். சுங்குவார்சத்திரத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். கணவருக்குப் புனேயில் வேலை. இங்கே நானும் நாலு வயது மகளும்தான்.

காருக்குள் வருகிற சத்தத்தையும் அதிர்வையும் கண்டுபிடித்து ஒழிப்பதுதான் என் வேலை. டேஷ்போர்டுக்குள் எங்கேயோ ஒரு கிளிப் லூசாக இருந்தால்கூட, கண்ணை மூடிக்கொண்டே இடத்தைச் சொல்லிவிடுவேன். ‘மேடம் காதுக்கு எதுவும் தப்பாது’ என்று அசெம்பிளி லைனில் சொல்வார்கள். எனக்கு அதில் உள்ளூரக் கொஞ்சம் கர்வம் உண்டு.

கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்காரருக்கோ காது கேட்காது. நாற்பத்தைந்து வயதிருக்கும். தகடு அடிக்கிற ராட்சத மிஷின்களுக்கு நடுவே பதினெட்டு வருடம் நின்றதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. நம் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். அவர் பதில் மட்டும் தெருவுக்கே கேட்கும்.

அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. பம்பாய் டாக்ஸி என்றால் ஞாபகம் வருமே, அந்த ரகம். ஸ்டியரிங்கை ஒட்டியே கியர் கம்பி. ஏசி, பவர் ஸ்டியரிங் எதுவும் கிடையாது. காது நன்றாக இருந்த காலத்தில் எடுத்த லைசென்ஸ். செருப்பைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, வெறுங்காலோடுதான் ஓட்டுவார். “இதை வித்துட்டு நல்ல வண்டியா ஒண்ணு வாங்குங்கண்ணே” என்று நான் அடிக்கடி சொல்வேன். ஒருநாள் என் புதுக் காரின் சாவியைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். ஐந்தே நிமிடத்தில் திரும்பிவிட்டார்.

“நல்லா கீதும்மா. ஆனா எனக்கு ஒண்ணுமே புரியல. ரூம்புல உக்காந்துகினு ஜன்னல் வழியா ரோட்டப் பாக்கறா மாதிரி கீது.”

நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, திருநெல்வேலியிலிருந்து ரயிலில் வரும் அம்மாவைச் செங்கல்பட்டில் போய் அழைத்துவர வேண்டும். என் கார் சர்வீஸுக்குப் போயிருந்தது. “ஆட்டோக்கு இன்னாத்துக்கு அலையற? அவரே போய் இட்டாந்துடுவாரு. சர்ச்சுல ரெண்டாவது பூசைக்குத் திரும்பிடலாம்” என்று வீட்டுக்கார அக்காதான் அனுப்பி வைத்தார்.

வெளிச்சம் வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஷிப்ட் பஸ்களும் கன்டெய்னர் லாரிகளுமாக ஒரகடம் சாலை அதற்குள் நிறைந்திருந்தது. மகள் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் முன்னால், அவர் பக்கத்தில். ஒரகடத்தைத் தாண்டிச் சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, திடீரென்று வேகத்தைக் குறைத்து மண் ஓரத்தில் நிறுத்திவிட்டார்.

“இன்னாமோ ஒண்ணு கீதும்மா.”

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இன்ஜின் உறுமியது, கண்ணாடி கடகடத்தது, சைலன்ஸர் புலம்பியது. வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்ததும் இதே வழக்கமான சத்தம்தான். கடிகாரத்தைக் காட்டி, “ஒண்ணுமில்லண்ணே, நான் கேட்டுட்டேன். ரயில் வந்திரும், போயிருவோம்” என்றேன்.

அவர் அசையவில்லை. “இல்லம்மா. வண்டில கொயந்த கீது.”

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன். பின்னால் வரும் லாரியின் ஹாரன்கூடக் கேட்காத மனிதர், சத்தம் கேட்பதற்கே சம்பளம் வாங்கும் என்னிடம் சொல்கிறாரே என்று நினைத்தேன்.

“ஷூவக் கயட்டு. காலத் தரையில வை. கைய இங்க வை” என்று என் வலது கையை எடுத்து ஸ்டியரிங்கின் அடி விளிம்பில் வைத்தார். ஆள் நடக்கிற வேகத்தில் வண்டியை நகர்த்தினார். முதலில் எதுவும் தெரியவில்லை. உள்ளங்காலில் இன்ஜின் நடுக்கம் மட்டும்தான். பிறகு, அந்த நடுக்கத்துக்கு அடியில் வேறொன்று தட்டுப்பட்டது. மணிக்கட்டில் நாடி பார்த்தால் தெரியுமே, அந்த அளவுக்குத்தான். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு தட்டு. எனக்குப் புல்லரித்துவிட்டது.

“தெரிதா?” என்றார். தலையாட்டினேன். இறங்கிப் பார்த்தோம்.

முன்பக்கம் இடது சக்கரத்தில் நாலு நட்டில் ஒன்றைக் காணவே காணோம். இரண்டு நட்டுகள் பாட்டில் மூடி மாதிரி என் விரலுக்கே சுழன்றன. ஒன்றே ஒன்றுதான் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கன்டெய்னர் லாரி எங்களை உரசுவது போலக் கடந்தது. உள்ளே என் மகள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்றால் அந்தச் சக்கரத்தை முந்தின நாள் மாட்டியதே நான்தான். வண்டி வாசலில் பஞ்சராகி நின்றது. “நான் இன்ஜினியர்ண்ணே, தள்ளுங்க” என்று அவர் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டேன். அவர் பஞ்சரான டயரை உருட்டிக்கொண்டு கடைக்குப் போனார். ஸ்டெப்னியை வைத்து நட்டுகளைக் கையால் சுழற்றி மாட்டிக்கொண்டிருந்தபோது, ரயில் ஏறிவிட்டதாக அம்மா போன் செய்தார். பேசிக்கொண்டே ஜாக்கியை இறக்கினேன். இறுக்க மறந்தேன்.

அதை அவரிடம் சொன்னேன். உதடு நடுங்கியதில் அவருக்குப் புரியவில்லை. இரண்டாவது தடவை நிதானமாகச் சொல்ல வேண்டியிருந்தது. “நான்தாண்ணே டைட் பண்ணல.”

அவர் குனிந்து லூசான நட்டுகளை விரலால் சுழற்றிப் பார்த்தார். “நானும் ஒரு தபா பாத்துருக்கணும், பாக்கல. சரி, எந்திரி. ஸ்பேனர எடு.”

பின் சக்கரத்திலிருந்து ஒரு நட்டைக் கழற்றிக் கொடுத்தார். நான்தான் மாட்டினேன், நான்தான் இறுக்கினேன். பிறகு அவர் ஒவ்வொன்றின் மேலும் தன் எடையைப் போட்டுச் சரிபார்த்தார். எல்லாம் முடிந்ததும் டிரைவர் சீட்டைக் காட்டி, “நீ ஓட்டு” என்றார்.

ஷூ இல்லாமலே ஓட்டினேன். இத்தனை வருடம் எத்தனையோ கார்களைச் சோதித்திருக்கிறேன். சாலை இவ்வளவு பேசும் என்று எனக்குத் தெரியாது. தார் முடிந்து சிமென்ட் தொடங்குவதைக் கை சொன்னது. மணல் சிந்திய இடத்தில் ஸ்டியரிங் லேசாகிவிட்டது. அடுத்த கியருக்கு இன்ஜின் தயாரானதைக் கியர் கம்பியே விரலில் சொன்னது. எனக்கும் சாலைக்கும் நடுவே ஒரு இரும்புக் கம்பியைத் தவிர எதுவும் இல்லாத மாதிரி இருந்தது. பக்கத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு, பாதத்தைத் தரையில் பதித்து உட்கார்ந்திருந்தார். பாட்டுக் கேட்பவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். இந்த மனிதருக்கா காது கேட்காது என்று பிரமித்துப் போனேன்.

செங்கல்பட்டில் அம்மா, இரண்டு பைகளோடு ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டு, “ஒரு போன் பண்ணக்கூடாதாட்டி?” என்று திட்டினார். அந்தத் திட்டு எவ்வளவு இனிமையாக இருந்தது என்று சொல்ல முடியாது.

இன்றும் அதே வேலையில்தான் இருக்கிறேன். கார்களும் வருடத்துக்கு வருடம் அமைதியாகிக்கொண்டே போகின்றன. ஆனால் ‘உள்ளே ஒரு சத்தமும் வரவில்லை மேடம்’ என்று யாராவது பெருமையாகச் சொல்லும்போது, ஏதோ ஒன்று சொல்ல வருவதை நாம் கேட்காமல் போய்விட்டோமோ என்ற பயம்தான் எனக்கு முதலில் வருகிறது.