படகில் உட்கார ஒரு ஆள்

கடலில் ஐந்து கிலோமீட்டர் நீந்தப் போவதாக என் மனைவி சொன்ன அன்று, நான் செந்துறையிலிருந்து பஸ்ஸில் வந்து அப்போதுதான் சட்டையைக் கழற்றியிருந்தேன். அங்கே தாலுகா ஆபீசில் எனக்கு வேலை. அவள் அரியலூரில், நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கான பயிற்சி மையத்தில் டீச்சர். அந்த மையத்து வேன் மழைக்கு முன்பே படுத்துவிட்டது. திருமானூர்ப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். பத்து வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பஸ் மாறி, எத்தனை நாள் ஒரு தாய் வருவாள்?

நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஒரு கடற்கரை ஊரில் சிலர் சேர்ந்து ஆண்டுதோறும் மாசியில் கடல் நீச்சல் நடத்துகிறார்கள். நீந்துகிறவர் ஒரு நல்ல காரியத்தைச் சொல்லி, தெரிந்தவர்களிடம் நன்கொடை கேட்கலாம். அவள் வேனைச் சொல்லிப் பெயர் கொடுத்துவிட்டாள்.

“ஒனக்கு நாப்பத்திமூணு வயசு ஆவுது” என்றேன்.

“தண்ணிக்கு அது தெரியாதுங்க” என்றாள்.

அவள் பெரம்பலூர்ப் பக்கத்துக்காரி. அப்பாவின் கிணற்றில் ஆறு வயதிலிருந்து குதித்தவள். நான் மானாவாரிக் காட்டில் வளர்ந்தவன். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றதில்லை. அதனால் அவள் நீட்டிய படிவத்தில் இரண்டாம் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீந்துபவரை நன்றாக அறிந்த ஒருவர் கூடவே படகில் வர வேண்டும், அவருக்கு மிதக்கவாவது தெரிந்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அதற்கு நேராக என் பெயர்.

“ஏன் என்னப் போட்ட?”

“ரெண்டு டீச்சருங்களக் கேட்டேன். சிரிச்சிட்டாங்க. மாசிக்கு இன்னும் நாலு மாசம் இருக்குங்க. கத்துக்கலாம்.”

ஐப்பசி மழையில் அவளுடைய அண்ணனின் கிணறு நிரம்பியிருந்தது. பாறையை வெட்டி எடுத்த பெரிய சதுரக் கிணறு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விடியும்போது பைக்கில் அங்கே போய்விடுவோம். சுற்றிலும் மக்காச்சோளம், சின்ன வெங்காயம். அவள் முழுக்கை நீச்சல் உடையில் இறங்கிச் சுவரோரமாகச் சுற்றத் தொடங்குவாள். எண்ணுவது என் வேலை. ஒரு சுற்றுக்கு ஒரு சோளமணி என்று மேடையில் வரிசையாக வைப்பேன்.

ஒரு நாள் மைத்துனர் டீ கொண்டுவந்தார். வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினால், கோழி ஒன்று என் கணக்கைக் கொத்திக்கொண்டிருந்தது.

கீழேயிருந்து குரல் வந்தது. “எத்தனங்க ஆச்சு?”

எனக்குத் தெரியவில்லை. “எழுபது” என்று சும்மா சொன்னேன்.

“எழுபதா? கை போற மாதிரி இருக்கு. நூறத் தாண்டியிருப்பேன்.”

மைத்துனர் சிரித்துக் காட்டிக்கொடுத்துவிட்டார். அவள் படியேறி வந்து கோழியையும் என்னையும் பார்த்தாள். “கடல்ல டீ குடிக்க முடியாது” என்றாள். அதற்குப் பிறகு அவள் தண்ணீரில் இருக்கும்வரை நான் வேறு பக்கம் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்கத்தான் அவள் நீச்சல் எனக்குப் பிடிபட்டது. நன்றாக இருக்கும்போது நிமிடத்துக்கு ஐம்பது கை போடுவாள். களைத்தால் வலது முழங்கை தாழும்.

அவள் முடித்ததும் என் பாடம். இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை மைத்துனர் மேலே பிடித்துக்கொள்வார். அவள் தண்ணீருக்குள்ளிருக்கும் படியில் நின்று, என் முதுகுக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்து மல்லாக்கப் படுக்க வைப்பாள்.

“வானத்தப் பாருங்க. காதுல தண்ணி போனாப் போவட்டும்.”

மூன்று வாரம் கல் மாதிரி முழுகினேன். “மாப்ள, நீங்க மூச்ச விட்டாத்தானே ஒடம்பு தளரும்?” என்று மேலேயிருந்து கத்துவார் மைத்துனர். நான்காவது வாரம் வானத்தில் ஒரு கொக்கு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மறைந்த பிறகுதான் கவனித்தேன், முதுகில் கை இல்லை. அவள் நான்கடி தள்ளிப் படியில் நின்று வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கணமே முழுகிவிட்டேன் என்பது வேறு விஷயம். ஆனாலும் அன்று மத்தியானம் மைத்துனர் வீட்டில் இரண்டு தட்டு அதிகம் சாப்பிட்டேன்.

தை பிறப்பதற்குள் நான் கயிறில்லாமலே மிதக்கப் பழகிவிட்டேன். அவளோ, தனக்கு இனிக் கிணறு போதாது என்றாள். ஆபீசில் ஒருவர், கைவிட்ட சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்றில் கடல் மாதிரித் தண்ணீர் நிற்கிறது என்றார். போய்ப் பார்த்தோம். பச்சை நிறத்தில் அழகாகத்தான் இருந்தது. “ஏறி வர எடமே இல்ல, வாங்க போவலாம்” என்று அவள் திரும்பிவிட்டாள். கடைசியில் அரியலூருக்கு வெளியே ஓர் ஏரி அமைந்தது. அங்கே மீன் பிடிப்பவர் தெர்மாகோல் பலகைகளைக் கட்டி ஒரு மிதவை வைத்திருந்தார். அதில் என்னை ஏற்றிக்கொண்டார்.

எதிர்க்கரைப் பனைமரத்தைக் குறிவைத்துக் கிளம்பினாள். கொஞ்ச தூரம் போனதும் இடது பக்கம் திரும்பத் தொடங்கினாள். கத்தினேன், கேட்கவில்லை. பெரிய வட்டமாகச் சுற்றி, கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து தலை தூக்கினாள்.

“என்னங்க, பனமரம் பின்னாடி போயிடுச்சு?”

மூன்று மாதமும் கிணற்றில் இடப்பக்கமாகவே சுற்றியிருந்தாள். நேராகப் போக உடம்புக்கு மறந்துவிட்டது. மீன் பிடிப்பவர், “டீச்சரு செக்குமாடு மாதிரி சுத்துறாங்க சார்” என்றார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மறுநாள் நான் ஆரஞ்சு நிறத்தில் ஒரு டி-ஷர்ட் வாங்கினேன். மிதவை அவளுடைய வலப்பக்கம் போகும். மூச்சுக்குத் தலையைத் திருப்பும்போதெல்லாம் அந்த ஆரஞ்சைப் பார்த்துக்கொள்வாள். விலகினால் கையால் காட்டுவேன். பத்து நாளில் நேரானாள்.

மாசியில் ஒரு விடியற்காலை கடற்கரையில் நின்றோம். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு ஃபைபர் படகுகள். நடத்துகிறவர்களில் ஒரு பெண்மணி, படகில் போகிறவர்களைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: “அவங்க முகம் உங்களுக்குத்தான் தெரியும். சரியில்லன்னு தோணுச்சுன்னா யாரையும் கேக்காம தூக்கிடுங்க.”

முதல் அரைமணியிலேயே நான் வாந்தி எடுத்தேன். “கரையப் பாருங்க சார், தண்ணியப் பாக்காதீங்க” என்றார் படகோட்டி. கரையைப் பார்த்தால் அவளை யார் பார்ப்பது? லைஃப் ஜாக்கெட்டோடு குனிந்தபடியே இருந்தேன். அரைமணிக்கு ஒரு தரம், உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் பாட்டிலைக் கயிற்றில் கட்டி வீசுவேன். படகைத் தொடாமல் அவள் குடிக்க வேண்டும். நான்கு பாட்டில் வரை நன்றாகத்தான் போனாள். பிறகு காற்று மாறியது. அலை முகத்தில் அடிக்க, உப்புத்தண்ணீரை விழுங்கினாள். கை நாற்பதாகி, முப்பத்தைந்தானது. முழங்கை தாழ்ந்தது. ஐந்தாவது பாட்டிலை வீசினேன்.

“இது எத்தனாவது பாட்டில், சொல்லு?”

அவள் என்னையே பார்த்தாள். “ரெண்டு” என்றாள்.

முடிவிடம் தெரியும் தூரத்தில், கரையில் சிவப்புக் கொடி ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. படகோட்டி என் முகத்தைப் பார்த்தார். “தூக்குங்க” என்றேன்.

“வேணாம்! அந்தா கொடி தெரியுதுங்க! நான் போயிடுவேன்!”

“போதும், வா.” இரண்டு பேருமாக அவளைப் படகுக்குள் இழுத்தோம். உள்ளே விழுந்து, விழுங்கிய தண்ணீரையெல்லாம் கக்கினாள். அழவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

கரையில் டாக்டர் பார்த்து, ஓய்வெடுத்தால் போதும் என்றார். ஊர் திரும்பும் பஸ்ஸில் கும்பகோணம் வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் செய்தது தப்போ என்று வழியெல்லாம் குமைந்துகொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தபோதுதான் கேட்டாள்.

“நெசமாவே ரெண்டுன்னா சொன்னேன்?”

“ஆமா.”

“எனக்கு நீங்க கேட்டதே ஞாபகம் இல்லங்க.” டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு டீயைக் குடித்து முடித்தாள். பிறகு என் ஆரஞ்சு டி-ஷர்ட்டில் காய்ந்திருந்த வாந்திக் கறையைக் காட்டி, “இதோடயா பஸ்ஸுல வந்தீங்க?” என்றாள்.

நன்கொடை சொன்னவர்கள் யாரும், முடிக்கவில்லையே என்று பின்வாங்கவில்லை. சித்திரையில் மையத்துக்குப் பழைய வேன் ஒன்று வாங்கினார்கள். திருமானூர்ப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

அதில் ஒரு பெண்பிள்ளையின் அம்மா என் மனைவியிடம் கேட்டாராம்: “டீச்சர், இவளத் தண்ணில எறக்கலாமா? தண்ணின்னா இவளுக்கு உசுருங்க.” மையத்துப் பிசியோதெரபி டாக்டரிடம் கேட்டதற்கு, இடுப்பளவுத் தண்ணீரில், கூடவே ஆள் நின்றால் நல்லது என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வயலுக்கு அவர்களையும் அழைத்துப் போனோம். பம்புசெட்டுத் தொட்டியில் என் மனைவி ஒரு பக்கமும் நான் மறுபக்கமும் நின்று பிள்ளையைத் தாங்கிக்கொண்டோம். முதலில் எங்கள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டாள். தரையில் தூக்கவே முடியாத இடது கால் தண்ணீருக்குள் மெதுவாக மேலே வந்தது. ஓர் உதை உதைத்தாள். தொட்டியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் முகமும் புடவையும் நனைந்தன.

அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொள்ளாமலே, “அடுத்த வாரம் எத்தன மணிக்கு வரணும் சார்?” என்று கேட்டார்.